நடுச் சீட்டுக்கும் ஒரு ஓட்டை

குஷன் வேலை என்பது, ஊரார் தங்கள் முழுப் பாரத்தையும் நம் வேலையின் மேல் இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் எழும்பிப் போகிற தொழில்.

கல்முனையில் முப்பது வருடமாக கார், வேன், த்ரீவீல் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் பாறூக். வெறும் பாறூக் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, குஷன் பாறூக் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கடையைக் காட்டும். என்னோடு வேலை செய்பவர் பாண்டிருப்பு யோகராசா. நான் யோகன் என்று கூப்பிடுவேன். வெட்டுவது அவர், தைப்பது நான், பிழை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மெஷினைத் திட்டுவோம்.

நீங்களும் தையல், தச்சு, பெயின்ட் என்று வாடிக்கையாளரின் முகம் பார்த்துச் சோறு தின்கிற ஆளாக இருந்தால் என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும். அவர்கள் எதைக் கண்டு “மாஷா அல்லாஹ்” என்கிறார்களோ, அதுதான் சரியான வேலை என்று நாமும் நம்பிவிடுகிறோம். என்னை அவர்கள் மெச்சியது பின்சீட்டுக்காக. கார்ப் பின்சீட்டில் மூன்று பேருக்கு மூன்று பெல்ட் பூட்டுகள், சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். மற்றக் கடைகளில் அந்த இடத்தில் ஓட்டை வைத்து விளிம்பு தைப்பார்கள். நான் மூன்றையும் உள்ளே தள்ளிவிட்டு, மேலால் ஒரே துண்டு ரெக்சினை இழுத்து மூடிவிடுவேன். கட்டில் மெத்தை மாதிரி மட்டமாக வரும், ஏறி இருந்தால் எங்கும் குத்தாது. இதற்கென்றே சம்மாந்துறையிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் கார்கள் வந்தன. பெல்ட் பற்றி நான் யாரையாவது கேட்டிருந்தாலும் பதில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஒருவரை மட்டும் கேட்டேன். மருதமுனையிலிருந்து வந்த சாரி வியாபாரி அவர். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

“முன்னுக்கு பொலிஸ் பார்க்கும், அதுக்கு பெல்ட் வேணும். பின்னுக்கு ஆரு பார்க்கிற? நீங்க மூடி விடுங்க காக்கா.”

அரிசி மூட்டைக்குப் பெல்ட்

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர், கதவோரம் கிழிந்த உறையைத் தைக்க வந்தார். காரை நிறுத்தியதும் எட்டிப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்து முன்சீட்டில் ஒரு அரிசி மூட்டை சாய்ந்து இருந்தது. அதற்கு ஒழுங்காக, தோளிலிருந்து இடுப்புவரை, பெல்ட் போட்டிருந்தது. பின்சீட்டில் அவருடைய மனைவி, மடியில் ஒரு சட்டி வட்டிலப்ப இனிப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, என் மட்டமான ரெக்சினில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்.

யோகனுக்கு வாய் சும்மா இருக்காது. “ஹாஜியார், மூட்டைக்கு பெல்ட் போட்டிருக்கிறீங்க, மாமிக்கு ஒண்டும் இல்லையா?” என்று கேட்டுவிட்டார். ஹாஜியார் கோபப்படவில்லை. கணக்குப் பார்த்து வைத்த பதிலைப் போல நிதானமாகச் சொன்னார். “பெல்ட் போடாட்டி கார் கத்திக்கிட்டே வரும். அதோட, மூட்ட சரிஞ்சா அரிசி கொட்டுப்பட்டுப் போகும் தம்பி. அவ சரிஞ்சா எழும்பி இரிப்பா.”

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பின்சீட்டுக் கண்ணாடி மெல்ல இறங்கியது.

“அடுத்த முறை என்னையும் சாக்குல போட்டு வாயத் தைச்சு முன்னுக்கு வைங்க. பெல்ட்டாவது கிடைக்கும்.”

மாப்பிள்ளையின் மூக்கு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே மாப்பிள்ளைக் கார் என்பது பெரிய விஷயம். சாய்ந்தமருதில் ஒரு கல்யாணத்துக்கு, பழைய உறையைக் கழற்றி வெள்ளை ரெக்சின் போடச் சொன்னார்கள். கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் மச்சான். கோட் கசங்கக் கூடாது, பூட்டு, கொளுக்கி ஒன்றும் வெளியே தெரியக் கூடாது என்று அவருடைய கட்டளை. நானும் அன்றைக்கு உச்சத்தில் இருந்தேன். அப்படியொரு மினுமினுப்பு, கையை வைத்தால் கை தானாக வழுக்கும்.

கல்யாண நாள் பின்னேரம் மாப்பிள்ளையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கூட்டாளிமார் நெருங்கி ஏறிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெண் வீட்டுச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. காரோட்டி பிரேக்கை மிதித்தார். ஓட்டம் ஒன்றும் பெரிதில்லை, சைக்கிள் ஓட்டம்தான். ஆனாலும் மாப்பிள்ளை, முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள்ளால் சறுக்கிப் போய், கியர்க் கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டார். தலைப்பாகை காரோட்டியின் மடியில் கிடந்ததாம்.

ஒரு மாதம் கழித்து அந்த மாப்பிள்ளை கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து யோகன் உள்ளே போய்விட்டார். வந்தவர் போனில் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லாப் படத்திலும் முகத்தின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். மாடு மெதுவாக வந்ததால் மூக்கோடு போயிற்று என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவ்வளவுதான்.

“எல்லாப் படத்திலயும் நான் பொண்ணையே பார்த்துக்கிட்டு இரிக்கன். ஆசையில எண்டு ஊர் நினைக்குது. வீக்கத்த மறைக்கத்தான் எண்டு எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும் காக்கா.”

ஓட்டை கேட்டு வந்த சேர்

என் மகள் நுஸ்ராவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. பாடசாலை இருப்பது கரையோரத்தை விட்டு உள்ளே, வயல்களையெல்லாம் தாண்டி, காரில் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். அதே பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் நஸீர் சேர் பாலமுனையிலிருந்து வருபவர். தன் பழைய காரில் நுஸ்ராவையும் வேறு இரண்டு டீச்சர்மாரையும் ஏற்றிக்கொண்டு போய் வருவார். அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் இருப்பது வழக்கமில்லை என்பதால் மூன்று பெண்களும் பின்சீட்டில். நுஸ்ரா மூவரிலும் இளையவள், மெலிந்தவள், ஆகவே நடு இடம் அவளுக்கு. வீடுகளில் கோழிக் கழுத்து யாருக்கு என்பது போல, கார்களில் நடு இடம் யாருக்கு என்பதும் பேசாமலே முடிவாகிவிடும்.

நஸீர் சேர் உறை தைக்கக் காரைத் தந்தார். மகளை ஏற்றிப் போகிறவர் என்று நான் விசேஷமாகச் செய்தேன். நல்ல ரெக்சின், சிவப்பு நூல் தையல், பின்பக்கம் ஒரே துண்டு. வந்து பார்த்தவர் மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே இருந்து, சாய்மானத்தின் அடியில் விரலை விட்டுத் தடவினார்.

“பூட்டு எங்க காக்கா?”

“உள்ளுக்கு பத்திரமா இரிக்கி சேர்.”

“எனக்கு வெளியில வேணும்.”

முடித்துப் பூட்டிய வேலையை வெட்டச் சொன்னால் ஒரு தொழிற்காரனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மணித்தியாலம் வாதாடினேன். கடைசியில், சரி, கரையில் இரண்டுக்கும் ஓட்டை வைக்கிறேன், நடுவில் இருப்பது வெறும் இடுப்புப் பட்டி, தோளுக்கு வராது, அதை விடுங்கள், நடுச் சிவப்புத் தையல் கெட்டுப்போகும் என்றேன். “நடுவுல இருக்கிற ஆளுக்கு முன்னால சீட்டும் இல்ல காக்கா, நேரே கண்ணாடிதான். அதுக்கும் வைங்க,” என்றார் அவர்.

நடு இடத்தில் யார் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாதாடினேன். இந்த வெட்கத்தை எழுதாமல் விட்டால் மற்ற எதையும் எழுதுவதில் பிரயோசனம் இல்லை. கடைசியில் யோகன்தான் பிளேட்டை எடுத்து மூன்று இடத்திலும் கீறினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விளிம்பு தைத்துக் கொடுத்தேன். நஸீர் சேர் போகும்போது என் தோளில் தட்டினார்.

“கோவப்படாதீங்க காக்கா. வடிவு கொஞ்சம் குறைஞ்சாலும் காரியமில்ல. கூட்டிக்கிட்டுப் போன புள்ளைகள அப்பிடியே கூட்டிக்கிட்டு வரவேணும் எனக்கு.”

காலையில் வந்த அழைப்பு

அறுவடைக் காலம். ஒரு காலை, கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நஸீர் சேரின் நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் வகுப்பில் இருக்க வேண்டும். எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

நடந்தது இதுதான். வயல் பாதையிலிருந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று, வளைவில் திடீரென்று தார் வீதிக்கு ஏறியிருக்கிறது. நஸீர் சேர் வெட்டித் திருப்பியதில் கார் வீதியோரத்து மருத மரத்தில் நேராக மோதியது. முன்பக்கம் சுருங்கிப்போயிற்று. கண்ணாடி முழுக்க உடைந்து கொட்டியது. அந்தக் கண்ணாடிக்கு நேரே நடுச் சீட்டில் இருந்தவள் என் மகள்.

முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னோடு போனில் கதைத்திருக்கிறார்கள். இவ்வளவு புத்தியாக யாரும் ஒரு கதையைத் தொடங்கியதில்லை. கை எலும்பு முறிந்த நிலையில் இந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்கே நான் அவருக்கு வாழ்நாளெல்லாம் கடமைப்பட்டவன்.

“காக்கா, எல்லாரும் உயிரோட இரிக்கம். முதல்ல அதக் காதுல வாங்குங்க. மத்ததப் பொறகு சொல்றன்.”

வயிற்றில் ஒரு கோடு

யோகன் மோட்டார் சைக்கிளில் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். இறங்கிப் பார்த்தால் ஒரு காலில் என் செருப்பு, மற்றக் காலில் யோகனுடையது. வழியில் மனைவிக்குச் சொன்னேன், அவள் த்ரீவீலில் எனக்கு முன்னமே வந்து நின்றாள்.

கரையில் இருந்த டீச்சர்மார் இருவருக்கும் தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காகக் கன்றிப்போயிருந்தது. ஒருவருக்கு, முக்காட்டில் குத்தியிருந்த ஊசி பெல்ட்டுக்குக் கீழே அகப்பட்டு, தோளெலும்பில் ஏறியிருந்தது. அழுதுகொண்டும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். நுஸ்ரா அழவில்லை. வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, “ஒண்டும் இல்ல வாப்பா, வயிறு கொஞ்சம் நோகுது, வீட்டுக்குப் போவம்,” என்றாள். நானும் கூட்டிக்கொண்டு போகத்தான் பார்த்தேன். நர்ஸ் ஒருவர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார். வயிற்றுக்குக் குறுக்கே, தொப்புளுக்கு நேராக, பெல்ட் அகலத்துக்கு நீலமாக ஒரு கோடு. அன்றைக்குச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, அதற்கு மேலால் பெல்ட்டை இழுத்துப் பூட்டியிருக்கிறாள். அது இடுப்பில் இருக்காமல் வயிற்றில் இருந்திருக்கிறது.

டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்து இளம் பெண். வார்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் கத்திவிட்டேன். பெல்ட்டால்தான் இந்தக் காயம், அந்த ஓட்டையை வைக்காமல் விட்டிருந்தால் இந்தக் கோடே வந்திருக்காது என்று, சுற்றி நின்ற நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் நுஸ்ராவை உள்ளே அனுப்பினார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நோவு கூடியது. ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் கிழிசல், உடனே வெட்ட வேண்டும் என்றார்கள்.

அஸர் தொழுதேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் இருக்கட்டும். என் மனைவி தியேட்டர்க் கதவையே பார்த்தபடி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவோ கிழிசலைத் தைத்த கை என்னுடையது. அன்று என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேறு யாரோ ஒருவரின் கை தைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லி முடிகிற நேரம் கதவு திறந்தது. எல்லாம் சரி, பிள்ளை தப்பிவிட்டாள் என்றார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

காலையில் நான் கத்தியதைக் கேட்ட அந்த டொக்டர் பக்கத்தில் வந்து, தானும் குந்தி இருந்தார். பெல்ட் வயிற்றில் இல்லாமல் கீழே இடுப்பெலும்பில் படிந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்று விளங்கப்படுத்தினார். என்னைக் குறை சொல்வார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். குறை சொல்லவில்லை.

“அந்தக் கோட்டக் கண்டதாலதான் ஐயா உள்ளுக்குக் காயம் இருக்கும் எண்டு மறிச்சு வைச்சம். பெல்ட் போடாம வந்திருந்தா, வீட்டுக்குப் போவம் வாப்பா எண்டு கேக்க அவ இருந்திருக்க மாட்டா.”

நன்றி சொல்லப் போய்

மூன்றாம் நாள் நஸீர் சேர், முறிந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வார்ட்டுக்கு வந்தார். நான் அவருடைய மற்றக் கையைப் பிடித்தேன். வாயைத் திறந்தால் கண்ணீர்தான் வந்தது. ஒரு மணித்தியாலம் வாதாடின வாய் அது. அந்த ஓட்டையை நீங்கள் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் என் பிள்ளை இல்லை சேர் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் சங்கடப்பட்டார். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த நுஸ்ராவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நன்றிய எனக்குச் சொல்லாதீங்க காக்கா. கரையில ரெண்டு பூட்டையும்தான் நான் நினைச்சிருந்த. நடுப் பூட்டக் கேக்கச் சொன்னது உங்கட மகள்,” என்றார்.

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலை கிடைத்த முதல் வாரம் சாப்பிடும்போது, நடுவில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை வாப்பா, பெல்ட்டும் உங்கள் உறைக்குள்ளே போய்விடுமோ என்று அவள் கேட்டாள். “ரெண்டு பக்கமும் ரெண்டு டீச்சர்மார், இதவிட என்ன காவல்?” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். சேர் போனபின் அவள் கட்டில் ஓரத்தில் இருந்து தலையைத் தடவினேன். தூங்கவில்லை போல. எனக்கிட்டயே இன்னொரு முறை சொல்லியிருக்கலாமே மகள் என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“உங்களுக்கிட்ட நான் சொன்னா மகள் சொல்றதாத்தான் இரிக்கும் வாப்பா. கஸ்டமர் சொன்னாத்தான் செய்வீங்க.”

ஆஸ்பத்திரி வாசலில்

டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன நாள், வாடகைக் கார் ஒன்று வரச் சொன்னோம். நல்ல கார், துப்புரவான கார். ஓட்டி வந்தது நிந்தவூர்த் தம்பி ஒருவர். பின்கதவைத் திறந்தேன். கருப்பு ரெக்சின், சாம்பல் விளிம்பு, கட்டில் மெத்தை மாதிரி மட்டம். ஒரு சுருக்கம் இல்லை. யாருடைய கை என்று நான் யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

நுஸ்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறப் போனாள். “பொறு மகள்,” என்றேன். வாசல் கடையில் ஒரு சவரப் பிளேட் வாங்கி வந்து, சீட்டின் கரையில் எந்த இடத்தில் கீற வேண்டும் என்று தெரிந்தவனாக, ஒரே இழுவையாக இழுத்தேன். தம்பி “ஐயோ” என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். கையை உள்ளே விட்டுப் பூட்டை வெளியே எடுத்தேன். அதோடு ஒரு கச்சான் கடலைக் கோதும், பிள்ளைகள் தலையில் குத்துகிற பூக் கிளிப் ஒன்றும் வந்தன. எந்தப் பிள்ளையுடையதோ தெரியாது. அந்தப் பிள்ளையும் இந்தச் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்து போயிருக்கும். பிறகு மனைவிக்காக மற்றக் கரையையும் கீறினேன். நடுவையும் விடவில்லை.

நுஸ்ராவைக் கரையில் இருத்தி, டொக்டர் காட்டித் தந்த மாதிரி, காயத்துக்குக் கீழே இடுப்பெலும்பில் படியப் பட்டியை இழுத்தேன். மேல் பட்டி தோளில் வந்து சரியாக இருந்தது. ‘டக்’ என்று பூட்டு விழுந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை ரசித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

தம்பிக்கு அழுகை வராத குறை. கிழிந்த இடத்தை விரலால் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். நானே தைத்துத் தருகிறேன் தம்பி என்று சொல்ல வாயெடுக்கும் முன், அவர் கோபமாகத் திரும்பினார்.

“என்ன காக்கா செஞ்ச வேல இது? இது கல்முனையில குஷன் பாறூக் எண்டு ஒருத்தர் தைச்ச உறை. அந்த மனுசன் கண்டா உங்கள சும்மா விடமாட்டார்!”

என் மனைவிக்கு அன்றுவரை பத்து நாளாக வராத சிரிப்பு அப்போதுதான் வந்தது. நுஸ்ரா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“அல்லாஹ்வுக்காக சிரிக்க வைக்காதீங்க தம்பி, தையல் இழுக்குது.”

ஜும்ஆ முடிந்து

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்தால் நானும், பள்ளி வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து காத்து நிற்கும் யோகனும், வெளியே நிறுத்தியிருக்கிற கார்களின் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடப்போம். முதல் வாரம் எங்களைக் களவெடுக்க வந்தவர்கள் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். என் தையல் என்றால் எனக்குத் தெரியும். சொந்தக்காரர் வந்ததும் சலாம் சொல்லி, கடைக்கு ஒருமுறை வாருங்கள், பூட்டுகளை வெளியே எடுத்து அழகாக விளிம்பு தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்பேன். சிலர் சரி என்பார்கள். சிலர் எனக்கு என்னமோ நடந்துவிட்டது என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். நடந்ததைச் சொன்னால் அவர்களும் அடுத்த நாள் வருவார்கள்.

நுஸ்ரா பாடசாலைக்குத் திரும்பிவிட்டாள். நஸீர் சேர் வேறு கார் எடுத்துவிட்டார், அதில் நடுவுக்கும் தோள் பட்டி உண்டு. சாப்பாட்டுப் பைகள் மூன்றும் பின்பெட்டிக்குப் போகின்றன. விடுமுறை நாட்களில் அவள் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்களின் மனைவிமாருக்கு பெல்ட்டை எங்கே படிய வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுப்பாள். போன மாதம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பெல்ட் பிள்ளையை நசுக்கிவிடும் என்று பயந்துகொண்டு நின்றாள். நுஸ்ரா பக்கத்தில் ஏறி இருந்து, பட்டி வயிற்றுக்குக் கீழேயும் மற்றப் பட்டி நெஞ்சுக்கு நடுவாலும் வர, மெதுவாகப் பூட்டிவிட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பார்த்துவிட்டு, இறங்க மனமில்லாதவள் போலப் புருஷனைக் கூப்பிட்டாள். நான் மெஷினில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது ஒவ்வொரு நாளும் சொல்வதுதான்.

யோகன் அன்றைக்கு ஒன்பதாவது காரைக் கீறிவிட்டு, பிளேட்டை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“பாறூக், முப்பது வருசமா நாம வேலை செஞ்ச வேகத்தப் பார்த்தா, இதெல்லாத்தையும் வெட்டி முடிக்க நம்ம ரெண்டு பேருக்கும் நல்ல ஆயுள் வேணும். பின்னுக்கு ஏறினா நீயும் பெல்ட்டப் போடு.”

தான் தைத்ததைத் தானே கிழித்துக் கொடுத்து, அதுவும் கூலி வாங்காமல், ஒவ்வொரு கிழிசலுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிற குஷன்காரன் இந்தக் கரையோரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.